வாரேன்

நவம்பர் 30, சனி

ஸ்கீ பூட்ஸ் என்ற பெயரில் இன்று என் இரண்டு கால்களையும் இரண்டு இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்கள். வாடகைக்குக் கொடுக்கிற கடைக்காரப் பையன், விரல் அசைகிறதா என்று கேட்டான். விரல் அசைந்தது, நான்தான் அசைய முடியவில்லை.

எல்லாம் பிரமு செய்கிற வேலை. பிரமு என் வீட்டுக்காரரின் தங்கை. கனடாவில் இந்த மலையூர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், அவள் வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். வாரம் முழுக்க ஊரார் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சனி ஞாயிறு ஆனால் மலைக்கு ஓடிவிடுவாள். லிஃப்ட் ஏற்றிவிடுகிற மலைக்கு இல்லை, அது சின்னப் பிள்ளைகளுக்காம். இவள் போவது ஆளில்லாத காட்டு மலை. தானே ஏறி, தானே சறுக்கி இறங்க வேண்டும். தனியாக மட்டும் போகக் கூடாது. பனி சரிந்து மூடினால் தோண்டி எடுக்க இன்னொரு ஆள் வேண்டுமல்லவா? இத்தனை வருஷம் அந்த இன்னொரு ஆளாக இருந்த அவள் தோழி மேகன் இப்போது பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறாள். அதனால் என் தலை உருண்டது.

"மதினி, மார்ச்சுல உச்சிக் குடிசையில ஒரு நாள் தங்க இடம் கிடைச்சிருக்கு. துணைக்கு வாரியளா?"

"ஏ பிரமு, எனக்கு நாப்பது ஆகப் போவுது. ஐஸ் தண்ணி குடிச்சாலே மூணு நாள் மூக்கு ஒழுகும்."

"வீட்டுல சும்மா போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கதுக்குப் பதிலா வாங்க."

நான் ஒன்றும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர் கூப்பிடுகிற நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான். மூன்று மாத வேலை என்று செப்டம்பர் கடைசியில் வான்கூவர் போனார். வாசலில் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி, "வாரேன் கோமு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை இழுத்துக்கொண்டே போகிறது. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவார்.

டிசம்பர் 7, சனி

சின்னப் பிள்ளைகள் படிக்கிற சரிவில் என்னை இறக்கிவிட்டாள். முன்னால் இரண்டு ஸ்கீ பலகையின் மூக்கும் சேர வேண்டும், பின்னால் வால் விரிய வேண்டும். அப்படி வைத்தால் வேகம் குறையுமாம். எனக்கு மூக்கும் சேரவில்லை, வாலும் விரியவில்லை. வேகம் மட்டும் குறைவில்லாமல் வந்தது. மூன்று வயசு இருக்கும், ஒரு வாண்டு வாயில் சூப்புகிற ரப்பரோடு என்னைத் தாண்டிப் போனது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்கு எல்லா அடியும் சறுக்கிற்று.

பிரமு சிரிக்கவில்லை. அதில்தான் இன்னும் கோபம் வந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று கற்றது: விழுந்தால் எழுந்திருப்பது. ஒரு மணி நேரம் அது மட்டும்தான். உடம்பு முழுக்க ஒத்தடம்.

டிசம்பர் 26, வியாழன்

அவர் வரவில்லை. வழியில் பனி, ரோட்டை மூடிவிட்டார்கள் என்றார். நம் பக்கம் திறந்துதான் இருக்கிறது. லாரியெல்லாம் போகிறது. அந்தப் பக்கம் மூடியிருக்கும்.

வாங்கி வைத்த கோழியை நானும் பிரமுவும் தின்றோம். அவருடைய சட்டைகளை எடுத்துத் தேய்த்து வைத்தேன். மடிப்பு கலைந்திருந்தது.

ஜனவரி 4, சனி

முதல்முறை காட்டுக்குள் போனோம். மலை என்று சொல்ல முடியாது, மரம் வெட்டப் போகிற ரோடு. ஆனால் ஏற்றம்.

பலகைக்கு அடியில் ஒரு பட்டையை ஒட்டுகிறார்கள். அதற்குத் தோல் என்றே பெயர். முன்னால் தள்ளினால் வழுக்கும். பின்னால் இழுத்தால் முடி சிலிர்த்துக்கொண்டு பனியைப் பிடித்துக்கொள்ளும். முன் வைத்த காலைப் பின் வைக்காதே என்று சொன்னவருக்கு இந்தத் தோல் இருந்திருக்க வேண்டும். சங்கரன்கோவிலுக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொன்னேன்.

"தோலா? என்ன தோலுட்டி, ஆட்டுத் தோலா?"

"நைலான்மா."

"மாப்பிள்ளை என்ன சொல்லுதாரு, நீ இப்படி மலையேறுததுக்கு?"

சந்தோஷப்படுகிறார் என்று சொன்னேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வரும்போது நேரில் காட்டலாம் என்றிருக்கிறேன்.

பிரமுவும் நானும் பனிக்குப் பெயர் வைத்திருக்கிறோம். புதிதாக விழுந்தது அரிசிமாவு. வெயில் பட்டு மேலே காய்ந்து, மிதித்தால் படக்கென்று உடைவது அப்பளம். வெயில் ஏற ஏற மணல்மணலாக ஆவது ரவை. வானிலை அறிக்கையில் பெரிய பெரிய வார்த்தை போடுகிறார்கள். பிரமு படித்துவிட்டு, "இன்னைக்கு அப்பளத்துக்கு மேல மாவு மதினி, செங்குத்துப் பக்கம் போவண்டாம்" என்று சொன்னால் எனக்குப் புரிந்துவிடுகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில்தான் வைத்தேன், ஆனாலும் மூடியைத் திறந்து வைத்துப் பொங்கவிட்டேன். கரும்பு இல்லை. அவர் கூப்பிட்டார். நன்றாகத்தான் பேசினார். சர்டிபிகேட் ஃபைலையும் கறுப்புக் கோட்டையும் மழைக்காலச் செருப்பையும் கூரியரில் அனுப்பச் சொன்னார். ஆபீசில் கேட்கிறார்களாம். செருப்பை எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை.

அப்புறம் பிரமுவிடம் கொடுக்கச் சொன்னார். அவள் போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனாள். பொங்கல் ஆறிப் போகிற வரைக்கும் பேசினாள். வரும்போது கண் சிவந்திருந்தது.

"என்னட்டி?"

"கராஜ்ல தூசி மதினி."

நாளைக்குக் கராஜைப் பெருக்க வேண்டும்.

ஜனவரி 15, புதன்

கராஜைப் பெருக்கினேன். அவ்வளவு ஒன்றும் தூசி இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

இரண்டு நாள் வகுப்பு முடிந்தது. பனிச்சரிவில் மாட்டிக்கொண்டவரைத் தேடி எடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். நெஞ்சில் ஒரு சின்னக் கருவியைக் கட்டிக்கொள்ள வேண்டும். பீக்கன் என்கிறார்கள். மலையில் இருக்கிற வரைக்கும் அது 'நான் இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்' என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கூட வந்தவர் புதைந்து போனால், நம்முடையதைத் 'தேடு' என்று மாற்ற வேண்டும். அம்புக்குறி வழி காட்டும், பக்கத்தில் போகப் போக எண் குறையும். அப்புறம் நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்ட வேண்டும். கால்மணி நேரம் தாண்டினால் ஆள் கிடைப்பது அபூர்வம் என்றார் வாத்தியார்.

ஒரு பையைப் புதைத்துவிட்டுத் தேடச் சொன்னார்கள். என்னோடு படித்தவர்களெல்லாம் இருபது, இருபத்தைந்து வயசு. நான்தான் முதலில் எடுத்தேன். வீட்டில் தொலைகிற சாவி, கண்ணாடி, ரிமோட் எல்லாவற்றையும் இத்தனை வருஷமாகத் தேடி எடுப்பது யார்?

இரண்டு விதி சொன்னார்கள். திறந்த சரிவில் ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். முதல் ஆள் பத்திரமான இடத்தில் நின்று வாக்கி டாக்கியில் சொன்ன பிறகுதான் அடுத்தவர். இரண்டாவது, கூட்டத்தில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. இந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. குடும்பத்தில் இப்படி ஒரு விதி இருந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 8, சனி

இன்று வளைந்தேன்! இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது. விழவில்லை. மரத்துக்கு நடுவில் அரிசிமாவு முழங்கால் வரைக்கும் கிடந்தது. காலடியில் சத்தமே இல்லை. கீழே வந்து நின்று பார்த்தால் நான் வந்த வழி மலையில் அப்படியே கோடாகக் கிடக்கிறது. நானா போட்டது என்று இருந்தது. பிரமு என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இரண்டு பேரும் விழுந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மீட்டிங்காக இருக்கும். சனிக்கிழமையும் மீட்டிங் வைக்கிறார்கள் போல.

பிப்ரவரி 22, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஏறி, காட்டுக்கு மேலே திறந்து கிடக்கிற சரிவின் மேல்விளிம்புக்கு வந்தோம். பெரிய சரிவில்லை. நடுவில் மட்டும் ஒரு திமில் போலப் புடைத்திருக்கும், அதனால் கீழே நிற்பவருக்கு மேல்பாதி தெரியாது. தோலை உரித்து மடித்து வைத்துவிட்டு நான் முதலில் இறங்கினேன். வலதுபக்க மரங்களுக்குள் வந்து நின்று, "வந்துட்டேன்" என்று வாக்கி டாக்கியில் சொன்னேன். பதில் கரகரவென்று வந்தது. காற்றில் முக்கால்வாசி காதில் விழவில்லை. கடைசி மட்டும் தெளிவாகக் கேட்டது. "சரி மதினி, வாரேன்."

சரி, வருகிறாள் என்று மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. மேகம் இறங்கியது. எங்கேயோ 'தொம்' என்று ஒரு சத்தம். மரத்திலிருந்து பனி விழுந்த சத்தமாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது.

நெஞ்சிலிருந்த பீக்கனைத் 'தேடு' என்று மாற்றினேன். பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு நடுச் சரிவில் நேராக ஏறினேன். தொடை வரைக்கும் புதைகிறது. கையாலும் ஏறினேன். கருவியில் ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லை, அப்புறம் நாற்பத்தி நாலு என்று காட்டியது. பனியைப் பார்த்தால் எங்கும் உடையவில்லை, மழமழவென்றிருக்கிறது. அது கண்ணில் படுகிறது, புத்தியில் ஏறவில்லை. முப்பது. இருபத்தி ரெண்டு. இசக்கித்தாயே, அவளை மட்டும் விட்டுவிடு என்று சத்தமாகக் கத்தினேன். பதினைந்து. ஒன்பது.

திமிலைத் தாண்டி, மேல்விளிம்பில் ஏறினால், பாறை மறைவில் பையை விரித்து உட்கார்ந்து பிரமு கடலைமிட்டாய் தின்றுகொண்டிருக்கிறாள். மடியில் ஒரு ஸ்கீ. பூட்ஸ் மாட்டுகிற கொக்கியில் உறைந்த பனியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் வாக்கி டாக்கி, பேட்டரி தீர்ந்து கிடக்கிறது.

என்னைப் பார்த்ததும் எழுந்து கத்தினாள். "மதினி! நடுச் சரிவுலயா ஏறி வந்திய? கோட்டி பிடிச்சிருக்கா? மேல எவனாச்சும் காலை வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

எனக்கு மூச்சு வாங்கியது. அவளுடைய கன்னத்தைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. அப்புறம் அதே கன்னத்தில் ஒன்று வைத்தேன். பலமாக இல்லை, கையுறையோடுதான்.

"நீதானட்டி வாரேன்னு சொன்ன?"

"கொக்கி உறைஞ்சிட்டு, சரி பண்ண நேரமாவும், அங்கனயே நில்லுங்கன்னு சொல்லிட்டுத்தான் வாரேன்னு சொன்னேன்."

"வாரேன்னு சொன்னா வரணும்!"

"வாரேன்னா வாரேன்னா அர்த்தம்? பேச்சை முடிக்கேன்னு அர்த்தம் மதினி. போறவங்க எல்லாரும் சொல்லுததுதான. போறேன்னா சொல்லுவாங்க?"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுவிட்டு, "அண்ணன் வர மாட்டான் மதினி" என்றாள். "அங்க வேற ஒரு ஆள் இருக்கு. பொங்கலன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டான். அவனே உங்ககிட்ட சொல்லட்டும்னு நான் சொன்னேன். அவன் சொல்லல."

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஊருக்குப் போயிருவிய."

அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து எனக்குப் பொங்கலிலிருந்து நாடகம் காட்டியிருக்கிறார்கள். நான் கராஜைப் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஒங்க அண்ணனே இல்லன்னு ஆச்சு. இனி நான் யாருக்கு மதினி? அப்படிக் கூப்பிடாத" என்றேன்.

காலையில் ஏறி வந்த தடத்திலேயே, காட்டு வழியாக இறங்கினோம். எறிந்த பலகையைத் தேடி எடுக்கவே நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

துணி துவைத்தேன். முதுகு வலி.

பிப்ரவரி 26, புதன்

பிரமு என்னை ஒன்றும் கூப்பிடுவதில்லை. பெயர் சொல்ல வரவில்லை, மதினி என்று சொல்லப் பயம். "இந்தாங்க", "ஏங்க", "இங்க பாருங்க" என்று, பஸ்ஸில் சில்லறை கேட்கிற ஆள் மாதிரி பேசுகிறாள். காலையில் ஒருமுறை "கோமதி..." என்று ஆரம்பித்துவிட்டு அவளே கூசிப் போய்த் தட்டைக் கழுவப் போய்விட்டாள். சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள், அவரை வைதாள், பிறகு "ஒடனே பொறப்பட்டு வா. நாத்தனார் வீட்டுல ஒனக்கு இனி என்ன சோலி?" என்றாள்.

மார்ச் 1, சனி

அவருக்கு நானே போன் பண்ணினேன். இந்தத் தடவை எடுத்தார்.

"பிரமு சொல்லிட்டா" என்றேன்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் கோமு. எப்படிச் சொல்லன்னு தெரியல."

பொய்யில்லை என்று நினைக்கிறேன். அவருக்கு எப்போதுமே சொல்லத் தெரியாது. உப்புக் கூடினால்கூடச் சொல்லமாட்டார், தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிடுவார். அழுதார். என்னமெல்லாமோ சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். திட்ட வேண்டும் என்று எழுதி வைத்தது போல மனசில் வைத்திருந்தேன், அவர் அழுததும் பாதி மறந்துவிட்டது. மறந்ததை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

கடைசியில், பழக்க தோஷம், "சரி கோமு, அப்ப நான் வாரேன்" என்றார்.

"போறேன்னு சொல்லுங்க."

"என்னது?"

"வாரேன்னு சொல்லாதிய. அஞ்சு மாசமா அதை நம்பி உக்காந்திருந்தேன். போறேன்னு சொல்லிட்டு வைங்க."

எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு படி இறங்குவதில்லை. சாவு வீட்டில்கூடச் சொல்லாமல் வருவோமே தவிர, போறேன் என்று சொல்லமாட்டோம். அவருக்கும் அது தெரியும். மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "போறேன் கோமு" என்றார்.

"சரி" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் அழுதேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, தொண்டை கட்டுகிற வரைக்கும் அழுதேன். வெளியே வந்தால் கதவுக்குப் பக்கத்தில் தரையில் பிரமு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தம்ளர் சுக்குக் காப்பி, ஆறிப் போயிருந்தது. எழுந்து அதைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

பிரமு உச்சிக் குடிசைக்கு வேண்டியதை எடுத்து வைக்கிறாள். ஒரே ஒரு பை. ஒரே ஒரு தூக்கப் பை.

"யாரு கூடப் போற?"

"தனியாத்தான். பாதை நல்லாத் தெரியும்."

"தனியாப் போவக் கூடாதுன்னு வாத்தியார் சொன்னாருல்லா?"

"வர ஆள் இல்லயே."

முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய்க் கத்தரிக்காய் நறுக்கினேன். நறுக்கி முடித்துவிட்டு, கராஜில் தொங்கிய என் மண்வெட்டியையும் குத்துக் கம்பியையும் எடுத்து அவள் பைக்குப் பக்கத்தில் போட்டேன். பீக்கனுக்குப் புது பேட்டரியும் போட்டேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் கோபத்துக்காக ஆளைத் தனியாக மலைக்கு அனுப்ப முடியாது.

அம்மாவிடம் இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா போனை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா, "அங்க ரொம்பக் குளிருதோம்மா?" என்று கேட்டார்.

மார்ச் 15, சனி

குடிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விறகு அடுப்பு எரிகிறது. பிரமு ரசத்துக்குப் பனியை உருக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு சட்டி பனிக்கு ஒரு தம்ளர் தண்ணீர்தான் வருகிறது.

கிளம்பும்போதே விதி போட்டுவிட்டோம். மலையில் 'வாரேன்' கிடையாது. மேலிருந்து கிளம்பினால் 'போறேன்'. கீழே வந்து நின்றால் 'வந்துட்டேன்'. வேறு பேச்சே வேண்டாம். "நல்ல வார்த்தையா இல்லயே" என்று பிரமு இழுத்தாள். "நல்ல வார்த்தையை நம்பித்தான் இங்க வந்து நிக்கேன்" என்றேன். தலையாட்டினாள்.

குடிசைக்கு வருமுன் ஒரு திறந்த சரிவு. நான் முதலில் இறங்கினேன். ரவைப் பனி. நடுவில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டேன், எழுந்து வந்தேன். தேவதாரு மரங்களுக்குள் வந்து நின்று, "வந்துட்டேன்" என்றேன்.

மேலே அவள் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியாக நின்றாள். வாக்கி டாக்கி கரகரத்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி கரகரத்தது.

"போறேன்..." என்றாள். அதற்குப் பிறகு ஒரு சொல் வந்திருக்க வேண்டும், விழுங்கிவிட்டாள். புள்ளி அசையவில்லை.

"யாருகிட்ட சொல்லுத?"

"உங்ககிட்டதான்."

"ஏன், எனக்கு ஒரு பேரு கிடையாதா?"

காற்று. கரகரப்பு. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரியும்?

"போறேன் மதினி."

"போ" என்றேன்.

இடது, வலது, இடது என்று கோடு போட்டுக்கொண்டு, ஒரு நொடிகூடக் கண்ணை விட்டு மறையாமல், என் பக்கத்தில் வந்து நின்றாள்.